பிரித்துப் பார்த்து வாங்குங்கள்

பள்ளிபாளையத்தில் பழைய விசைத்தறி வாங்குகிறவர் அதை ஓடவிட்டுப் பார்த்துத்தான் விலை பேசுவார். தறியின் சத்தமும் விழுகிற துணியும் அதன் நிலையைக் கண்ணெதிரே சொல்லிவிடும். பழைய கியர் பாக்ஸுக்கு அந்த வசதி இல்லை. காரிலிருந்து இறக்கிக் கடை வாசலில் வைத்துவிட்டால் அது வெறும் மூடிய அலுமினியப் பெட்டிதான். உள்ளே பல் தேய்ந்திருக்கிறதா, பேரிங் போயிருக்கிறதா என்று வெளியிலிருந்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படியிருந்தும், வேகக் கார்களின் மேல் ஆசை கொண்ட நம் பக்கத்து இளைஞர்கள் பலர் மேலே துடைத்துப் பளபளப்பாக வைத்த பெட்டியைக் கடைக்காரர் சொல்லை நம்பி வாங்கிவிடுகிறார்கள். பழைய கியர் பாக்ஸ் வாங்குவதும் அதைச் சீர்செய்வதும் இரண்டு வேலைகள் அல்ல, ஒரே வேலை என்பது என் கருத்து. மெக்கானிக்கின் மேசையில் பிரித்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பெட்டிக்கு ஒரு விலையே உண்டு.

இப்படிப் பழைய பெட்டியைத் தேட வேண்டிய நிலை ஏன் வந்தது? நம் நாட்டில் ஓட்டுவதற்காகவே விரும்பப்பட்ட கார்கள் பல இன்று தயாரிப்பில் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக் 106 குதிரைத்திறன் கொண்டது. சில ஆண்டுகளில் அதன் இடத்தில் வேறு மாடல் வந்துவிட்டது. ஃபியட் பாலியோ 1.6-க்கும், டர்போ எஞ்சினோடு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கும் அதே கதிதான். பேரிங், சீல் போன்றவை இன்றும் கிடைக்கலாம். முழுப் பெட்டியைப் புதிதாக வாங்குவது எளிதல்ல. ஆகவே உடைக்கப்பட்ட இன்னொரு காரின் பெட்டிதான் கதி. இதில் நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிக்குப் பெயர்போன ஊர்கள். திருச்செங்கோடு ரிக் வண்டிக்குப் பெயர்போனது. கனரக வண்டியின் கியரைப் பிரித்துக் கோர்த்துப் பழகிய கைகள் இங்கே ஏராளம். மேற்கே கோயம்புத்தூரில் 1980-களின் கடைசியில் எஸ். கரிவர்தன் மாருதி 800-இன் எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். சாதாரண வண்டியின் பாகம்கூடச் சரியான கையில் பந்தயத்துக்குத் தாங்கும் என்பதற்கு நம் மண்டலத்திலேயே இப்படி ஒரு சான்று உண்டு.

பிரித்தால் அப்படி என்ன தெரியும்? சிங்க்ரோ ரிங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1928-இல் அமெரிக்காவின் கேடிலாக் காரில் வந்த ஏற்பாடு இது. அதற்கு முன் கடிக்காமல் கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டியிருந்தது. விரல் தடிமனில்கூட இல்லாத இந்தப் பித்தளை வளையத்தின் உட்புறம் கூம்பாக இருக்கும். அதில் நூலிழை போல் வரிகள் வெட்டியிருக்கும். கியரை மாற்றும்போது அந்த வரிகள் ஆயிலை வெட்டி விலக்க, வளையம் கியரின் கூம்பைப் பற்றி இரண்டின் சுழற்சியையும் சமமாக்குகிறது. அதன் பிறகே கியரைப் பூட்டும் ஸ்லீவ் சத்தமில்லாமல் உள்ளே நழுவும். வரிகள் தேய்ந்தால் பிடிப்பு போய்விடும்; கியர் கரகரவென்று கடிக்கும். வளையத்தைக் கியர் கூம்பில் அழுத்திவைத்து இரண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பாருங்கள். பல சிறிய கார்களில் புதிதாக இருக்கும்போது இந்த இடைவெளி 1 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், தேயத்தேயக் குறையும், அரை மில்லிமீட்டருக்கும் கீழே போனால் வளையத்தின் ஆயுள் முடிந்தது. இரண்டாம் கியரை முதலில் பாருங்கள். ஊருக்குள் அதிகம் அடி வாங்குவது அதுதான்.

ஆனால் கடிக்கிற கியருக்கெல்லாம் வளையம் மாற்றினால் போதும் என்று எண்ணுவது தவறு. வேலையின் நுட்பம் இங்கேதான் தொடங்குகிறது. போட்ட கியர் தானாக வெளியே குதிக்கிறது என்றால், ஸ்லீவும் கியரும் கோர்த்துக்கொள்ளும் சிறு பற்களின் முனை மழுங்கியிருக்கலாம், ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், பேரிங் தளர்ந்திருக்கலாம். மழுங்கிய பல்லோடு புது வளையத்தைச் சேர்த்தால் அந்தச் செலவு வீண். கியர் நீலம் பாய்ந்திருந்தால் அது ஆயில் இல்லாமல் சூடேறியது. ட்ரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. இரும்புச் சில்லு இருந்தால் எந்தப் பல் உடைந்தது என்று தேடியாக வேண்டும். உடைந்த பல்லை வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்காதீர்கள். கியர் பல்லின் வலிமை மேலே கடினமாக்கப்பட்ட மெல்லிய படலத்தில் இருக்கிறது. வெல்டிங்கின் சூட்டில் அது போய்விடும், திரும்ப வராது. எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது, எந்தப் பெட்டியைத் தொடாமலே திருப்பி அனுப்புவது என்று முடிவெடுக்கும் அந்தத் தீர்ப்பைத்தான் நான் கலை என்கிறேன். ஸ்பேனர் பிடிப்பதை ஆறு மாதத்தில் பழகிவிடலாம். தேய்மானத்தைப் படித்துக் காரணம் சொல்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

"கம்பெனியில் கோர்த்த பெட்டியைப் பிரித்தாலே கெட்டுவிடும்" என்பது கடைகளில் கேட்கும் மறுப்பு. தெரியாத கை பிரித்தால் கெடும் என்பது உண்மை. ஷிம் என்ற இடைத்தகட்டின் தடிமன் சிறிது மாறினாலும் பேரிங் இறுகும் அல்லது ஆடும். ஆனால் இதிலிருந்து நல்ல கையைத் தேட வேண்டும் என்றுதான் ஆகிறதே தவிர, பிரிக்கவே கூடாது என்று ஆகாது. எப்படியும் பழைய சீல்களை மாற்றியே ஆக வேண்டும். கையால் சுற்றிப் பார்த்தால் போதாதா என்றால், போதாது. பாரமில்லாமல் சுற்றும்போது தேய்ந்த வளையமும் வழுவழுவென்றுதான் போகும். பிரிக்காமல் செய்யும் ஒரே ஒரு சோதனைக்கு நல்ல பலன் உண்டு: பெட்டி இன்னும் காரிலேயே இருந்தால், நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுக் கிளட்சை மிதியுங்கள். அதுவரை கேட்ட முனகல் மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பிரிப்பதற்கு இன்னொரு காரணம்: வெளித்தோற்றம் ஒன்றாக இருந்து உள்ளே பல் விகிதம் வேறாக இருப்பதும் உண்டு. கிரவுன் வீல் பற்களைப் பினியன் பற்களால் வகுத்துப் பாருங்கள். 62 பல்லுக்கு 15 என்றால் 4.13. உங்கள் காரின் கணக்கோடு ஒத்துவராவிட்டால் வேகத்துக்கேற்ற எஞ்சின் சுழற்சி முறைதவறிப் போகும்.

திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் என்ன செய்வது என்ற கவலை நியாயமானது, இதை லேசாக விடக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் உண்டு. கியர் பாக்ஸுக்கு அதில் இடமில்லை. ஆகவே பில் இல்லாமல் வாங்காதீர்கள், எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மின்சார வண்டிகள் வந்த பிறகு இந்த வேலையே எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். மின்சாரக் கார்களில் பெரும்பாலும் ஒரே கியர்தான், சரி. ஆனால் இன்று ஓடிக்கொண்டிருக்கும் கிளட்ச் வண்டிகள் நாளையே நின்றுவிடப் போவதில்லை. அவை ஓடும்வரை இந்தத் திறமைக்கு வேலை இருக்கும்.

கோர்த்து முடித்த பிறகு ஆயில் விஷயத்தில் தவறு செய்யாதீர்கள். ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரம் உயர்ந்தது என்று நினைத்துச் சிலர் ஊற்றுகிறார்கள்; அதில் சிலவற்றிலுள்ள ரசாயனம் பித்தளை வளையத்துக்கு ஆகாது. கார் நிறுவனம் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். பெட்டி வாங்கப் போகும்போது உங்கள் மெக்கானிக்கைக் கூடவே அழைத்துப் போங்கள். அவர் "வேண்டாம்" என்று சொல்லும் நாளிலும் அவருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். முன்பணம் தருகிறேன், பிரித்துப் பார்த்தபின் மீதி தருகிறேன் என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள்.