தோட்டாவும் சக்கரமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

சிரிப்பும் பயனும் உள்ளதாக ஏதேனும் பேசுக என்று செயலாளர் பணித்தார். இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கும் இடம் சட்டப் புத்தகம் என்பது கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர்களாகிய நமக்குத் தெரியாததன்று. நாம் பள்ளியிறுதியோடு நின்றவர், வழக்கறிஞர் அல்லர். ஆயினும் விதிகளைப் படித்துப் படித்தே வயிறு வளர்ப்பவர். அந்தத் துணிவால் இரண்டு சட்டங்களை எடுத்துக்கொண்டோம். ஒன்று, 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். மற்றொன்று, 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்.

இந்தப் புந்தேல்கண்டுப் பகுதிக்குப் புதிதாய் மாற்றலாகி வரும் தமிழர் முதலில் திகைப்பது ஒரு காட்சியைக் கண்டே. இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் மோட்டார் சைக்கிளில் விரைவார். பின்னால் மைத்துனர், பெட்ரோல் தொட்டியின் மேல் மகன், மூவர் தலையிலும் ஹெல்மெட் இராது. “ஐயோ, துப்பாக்கி!” என்று நம்மவர் சுவரோரம் ஒதுங்குவர். ஒதுங்குவது அறிவுடைமையே. ஆனால் எதைக் கண்டு? தோளில் தொங்குவது வாய் திறவாமல் இருக்கிறது. தொடையின் கீழ் உள்ளதோ உறுமிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது!

சட்டம் அந்த மனிதரிடம் என்ன கேட்டது என்று பார்ப்போம். துப்பாக்கி வேண்டுமெனில் அவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ, கமிஷனர் உள்ள நகரமாயின் கமிஷனருக்கோ விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் நிலையம் விசாரித்து அறிக்கை தர வேண்டும். 2016 ஆம் ஆண்டு விதிகள் மருத்துவச் சான்றும் பயிற்சிச் சான்றும் கேட்கின்றன. 2019 ஆம் ஆண்டின் திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸ் ஐந்தாண்டுக்கு மட்டுமே.

வண்டி ஓட்டவோ 18 வயது போதும். அவ்வயதில் லைசென்ஸ் பெற்றவரை 40 வயது வரை அது செல்லும் என்று சட்டமே விட்டுவிடுகிறது. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் அவர் கண் மங்கியதா, காது மந்தமாயிற்றா, குணம் கெட்டதா என்று புதுப்பிக்கும் சாளரத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

இவ்விரண்டு சட்டங்களும் ஓரிரவு தம்முள் இடம் மாறிக்கொண்டால் என்ன ஆகும்? சற்றே கற்பனை செய்வோம்.

நம் காலனி அன்பர் ஒருவர் ஸ்கூட்டர் வேண்டி மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் கைகட்டி நிற்கிறார்.

“உமக்கு ஸ்கூட்டர் எதற்கு?”

“அலுவலகம் போவதற்கு ஐயா.”

“நடந்து போனால் உம் உயிருக்கு ஆபத்து உண்டா? உண்டெனில் சான்று எங்கே?”

ஆறு மாதம் கழித்துக் காவலர் ஒருவர் காலனிக்கு வருகிறார். எதிர்வீட்டு அம்மையாரிடம், “இவர் கோபக்காரரா? வீட்டில் சண்டை உண்டா?” என்று விசாரிக்கிறார். குழாயடியில் நேற்று நடந்த வாக்குவாதம் இன்னும் ஆறாத நிலையில் அவ்வம்மையார் என்ன அறிக்கை தருவார் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறோம்! இவ்வளவும் தாண்டி வண்டி வந்தாலும் பெட்ரோலுக்குக் கணக்குண்டு. தோட்டாவை எண்ணிக் குறிப்பதுபோல லிட்டரை எண்ணி லைசென்ஸ் புத்தகத்தில் குறிப்பர். தேர்தல் வந்தால், துப்பாக்கிகளை ஒப்படைக்கச் செய்வதுபோல, ஸ்கூட்டரைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும்.

இது வெறுங் கற்பனை என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தில் 1865 ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். சாலையில் தானே இயங்கும் எந்திர வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைலும் ஊருக்கு வெளியே 4 மைலுமே போகலாம். ஓர் ஆள் சிவப்புக் கொடி ஏந்தி 60 கஜத்துக்கு முன்னால் நடந்து செல்ல வேண்டும் என்பது விதி. காலப்போக்கில் தளர்ந்து, 1896 ஆம் ஆண்டு அக்கட்டுப்பாடு நீங்கிற்று. அன்று மனிதர் மோட்டாரைக் கண்டு புலியைக் கண்டதுபோல் அஞ்சினர். பின்னர் புலி பழகிவிட்டது. பழகிய புலியின் முதுகில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறோம்.

இனி மறுபக்கம். துப்பாக்கிக்கு மோட்டார் வழக்கங்கள் வந்துவிட்டன என்று கொள்வோம். தீபாவளிக்கு முன் கடைவீதியெங்கும் பந்தல். “முன்பணம் இல்லை, எளிய மாதத் தவணை, இன்றே சுட்டுச் செல்லுங்கள்!” பழகுநர் துப்பாக்கியில் சிவப்பு நிறத்தில் ‘எல்’ எழுத்து. ஒரு கையால் சுட்டுக்கொண்டே மறு கையால் கைப்பேசியில் பேசுவோர் தெருவெங்கும். பதினைந்து வயதுப் பிள்ளை, “அப்பா, டியூஷனுக்கு நேரமாயிற்று, உங்கள் துப்பாக்கியை எடுத்துப் போகிறேன்” என்கிறான். தந்தை செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமலே, “பார்த்துச் சுடு” என்கிறார். தாயார் அண்டை வீட்டாரிடம் பூரித்துக் கூறுகிறார்: “பத்து வயதிலேயே கற்றுக்கொண்டான், கையை விட்டுக்கூடச் சுடுவான்!”

சிரித்தீர்கள், மகிழ்ச்சி. துப்பாக்கி என்ற சொல்லை எடுத்துவிட்டு ஸ்கூட்டர் என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். அது நம் காலனியில் ஒவ்வொரு மாலையும் ஐந்து மணிக்கு நடக்கும் உரையாடல் அன்றோ?

எண்களைச் சொல்லாமல் எழுத்தரின் பேச்சு நிறைவுறாது. மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சகக் கணக்கின்படி 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். மணிக்கு 19 பேர். அவர்களுள் ஹெல்மெட் அணியாமல் மாண்டோர் 50,029. அதே ஆண்டில், தேசியக் குற்ற ஆவணக் கணக்கின்படி, நாடு முழுதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. துப்பாக்கி, கத்தி, கழி, கயிறு, நஞ்சு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. கொலைகாரர் அனைவரும் கூடிச் செய்ததைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு, கொல்லும் எண்ணமே இல்லாத நல்லவர்கள் சாலையில் செய்து முடித்தனர்!

“துப்பாக்கி கொல்வதற்கென்றே பிறந்தது, வண்டி பிழைப்புக்காகப் பிறந்தது. துப்பாக்கிகள் சில, வண்டிகள் பல. இரண்டையும் ஒப்பிடலாமா?” என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வண்டியின்றி வாழ்வில்லை; ஆகவே அதற்குத் துப்பாக்கிச் சட்டம் ஆகாது என்பதை ஒப்புகிறோம். ஆயினும் சட்டம் அஞ்சுவது எதற்கு என்று ஒரு கணம் எண்ணுங்கள். ஆயுதச் சட்டம் மனிதனின் சினத்தை அஞ்சுகிறது. நாள்தோறும் நம்மைக் கொல்வதோ சினமன்று, கவனக்குறைவு.

வள்ளுவர் இதனை நன்கு அறிந்திருந்தார். சினத்துக்கு ‘வெகுளாமை’ என்றோர் அதிகாரம் வகுத்தவர், கவனக்குறைவுக்குப் ‘பொச்சாவாமை’ என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அளவு கடந்த கோபத்தைக் காட்டிலும், மகிழ்ச்சி மிகுதியால் நேரும் சோர்வு கொடியது என்பது அதன் முதற்குறளின் கருத்து. மகிழ்ச்சியில் என்ன தீங்கு வந்துவிடும் என்று ஐயுறுவோர் இவ்வூர்த் திருமண ஊர்வலங்களை நினைவுகூர்க. மாப்பிள்ளை குதிரையேறியதும் வானை நோக்கி வெடிக்கும் துப்பாக்கியில் சினம் ஏது? களிப்பே. அக்களிப்பில் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர் மாண்ட செய்திகளை நாம் இங்குப் படித்திருக்கிறோம். அதனால்தான் 2019 ஆம் ஆண்டின் திருத்தம், உயிருக்கு ஊறு நேரும்படி கொண்டாட்டத்தில் சுடுவோர்க்கு ஈராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என விதித்தது. விருந்து முடிந்து நள்ளிரவில் வண்டியேறிப் பாட்டுப் பாடிக்கொண்டு விரைவதும் அதே களிப்புத்தான். தோட்டாவுக்குப் பதில் சக்கரம்.

கடல் கடந்த அமெரிக்காவில் இவ்வொப்பீடு தலைகீழாய் நிற்கிறது. ஆங்கே வண்டிக்குப் பதிவும் லைசென்ஸும் உண்டு. துப்பாக்கிக்கோ நாடு தழுவிய பதிவேடு கூடாது என்று 1986 ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. 2022 ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 42,000 பேருக்கு மேல். துப்பாக்கியால் மாண்டவர், தற்கொலைகளையும் சேர்த்து, 48,000 பேருக்கு மேல். “துப்பாக்கியை மோட்டாரைப் போல் நடத்துங்கள்” என்று அங்கே கேலி பேசுகின்றனர்; “மோட்டாரைத் துப்பாக்கியைப் போல் நடத்துங்கள்” என்று நாம் இங்கே பேச வேண்டியிருக்கிறது. எது பழகிப் போயிற்றோ அதன் மேல் அச்சம் போய்விடுகிறது. அச்சம் போன இடத்தில் சாவு குடியேறுகிறது. இஃது இரு நாட்டுக்கும் பொது.

அச்சமும் பயனும் ஒன்றாய் வாழ இயலாதா? இயலும் என்பதற்கு நம் ரயில்வேயே சான்று. ஆயிரம் உயிர்களை இழுத்துச் செல்லும் எஞ்சின் ஓட்டுநரின் கண்ணைக் குறித்த காலந்தோறும் சோதிக்கிறோம். பணியேற்கும்போது மூச்சைச் சோதிக்கிறோம். ஒற்றைப் பாதையில், டோக்கன் முறை உள்ள இடங்களில், அந்த டோக்கன் கைக்கு வராமல் வண்டி நகராது. “நெடுங்காலம் ஓட்டியவர், நல்லவர், நம் உறவினர்” என்று யாருக்கும் விலக்களிப்பதில்லை. பார்சல் அலுவலகத்தில் மோட்டார் சைக்கிளை ஏற்றுக்கொள்ளும்போது, தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்த பின்னரே பதிவு செய்கிறோம். தோட்டாவைக் கழற்றிய துப்பாக்கியை வாங்குவதைப் போன்றதே அது! நடைமேடையில் நிற்கும் வண்டிக்கு இவ்வளவு எச்சரிக்கை காட்டும் நாம், வாசலில் நிற்கும் வண்டியின் சாவியை ஆணியில் மாட்டி வைக்கிறோம். அதுவும் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில்.

சட்டம் இதில் உறங்கவில்லை. 16 வயதில் ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்கு மேற்படாத சிறு வண்டிக்கே. நம் வாசல்களில் நிற்கும் ஸ்கூட்டர்கள் அதற்கு மேற்பட்டவை. 2019 ஆம் ஆண்டின் திருத்தப்படி, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர்க்கோ வண்டியின் உரிமையாளர்க்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அப்பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. “எங்களுக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்” என்றால், அதை மெய்ப்பிக்க வேண்டியவரும் பெற்றோரே.

அபராதத்தைச் சொல்லி அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. சென்ற ஆண்டு இம்மேடையில் கோலாட்டத்துக்கு எட்டுப் பெண்கள் பயின்றனர்; ஆடியவர் எழுவர். எட்டாமவள் மாவுக்கட்டுப் போட்ட காலோடு கீழே அமர்ந்து, தன் கோலைத் தரையில் தட்டித் தாளம் மட்டும் போட்டாள். அவள் நடந்துவிட்டாள், இவ்வாண்டு ஆடப் போகிறாள், நல்லூழ். அந்நல்லூழ் எல்லா வீட்டுக்கும் வாய்க்கும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஊரும் உறவும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, பிழைப்புத் தேடி இங்கு வந்த நமக்கு ஒரு துன்பம் நேர்ந்தால் தாய்மாமனும் பெரியப்பாவும் வந்து சேர இரண்டு இரவுகள் ஆகும்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறோம். சாவியை ஆணியில் மாட்டாதீர். துப்பாக்கியெனக் கருதிப் பூட்டி வையுங்கள். டியூஷனுக்குப் போகும் பிள்ளை, வயது வரும் வரை சைக்கிளிலோ நடந்தோ போகட்டும்; நம் சங்க இளைஞர்கள் முறைவைத்துச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லட்டும். இன்றிரவு விழா முடிந்து வண்டியேறும் ஒவ்வொருவரும் ஹெல்மெட் அணிந்த பின்னரே வாயிலைக் கடக்கட்டும். பின்னால் அமரும் அம்மையார்க்கும் ஒன்று வேண்டும். தலையில் சூடிய பூ கசங்குமே என்று தயங்க வேண்டா. பூ நாளையும் பூக்கும்.

மாஜிஸ்திரேட் கேட்காத கேள்வியை வீட்டுத் தலைவியர் கேட்கலாம். “எதற்குப் போகிறாய்? எப்படிப் போகிறாய்? உன் லைசென்ஸ் எங்கே?” இம்மூன்றையும் வாசலில் நின்று கேட்கும் தாயைவிடக் கண்டிப்பான அதிகாரி இந்நாட்டில் எந்த அலுவலகத்திலும் இல்லை.