வயிறு உப்பினால் வாயுதானா?

(கல்லாறு குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)

பொன்முடி அடிவாரத்தில் கூடியிருக்கும் உங்களிடம், அறுவை சிகிச்சை மருத்துவனாக ஒன்றே ஒன்று சொல்கிறேன்.

என் அத்தை வயிற்று உப்புசத்தை ‘வாயு’ என்று சொல்லி, இரண்டு வருஷம் ஓமமும் பெருங்காயமும் சாப்பிட்டாள். வலியில்லை, டாக்டரான நானும் கேட்கவில்லை. ஸ்கேனில் சினைப்பைக் கட்டி தெரிந்தது. உள்ளே கோழை போன்ற திரவம், அதற்குள் உடைந்திருந்தது. உடைந்தால் செல்கள் வயிறெங்கும் பரவலாம். அதனால்தான் இவ்வகைக் கட்டியை ஊசியால் உறிஞ்சாமல், முழுதாக எடுக்கப் பார்க்கிறோம்.

1809-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேன் கிராஃபோர்டு என்பவருக்கு இரட்டைக் கர்ப்பம் என்றே நினைத்தார்கள். கட்டி என்று கண்டவர் டாக்டர் மெக்டவல். அந்த அம்மாள் 60 மைல் குதிரையில் வந்து, மயக்க மருந்தில்லாமல் ஆபரேஷன் செய்துகொண்டு, 1842 வரை வாழ்ந்தார்.

மாமிகளே, நமக்கு ஸ்கேன் அத்தனை தூரமில்லை. வயிறு பெருத்தால் போய்ப் பாருங்கள்.