பிள்ளையின் கோபமும் இரண்டு வீடும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விழா நாளில் மணவிலக்கைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் அது நம் வகுப்பறைக்குள் தினமும் வந்து உட்காருகிறதே!

வாரக் கடைசியை அப்பா வீட்டில் கழித்துவிட்டு, ஞாயிறு இரவு அம்மா வீட்டுக்குத் திரும்பும் பையனைத் திங்கட்கிழமை பாருங்கள். பென்சிலை உடைப்பான், பக்கத்துப் பையனைத் தள்ளுவான். நாம் அதைக் கொழுப்பு என்கிறோம். பல நேரம் அது பயமும் துக்கமும்தான். அதைச் சொல்ல அவனுக்கு வார்த்தை வரவில்லை, கை முந்திக்கொள்கிறது.

அப்போது வீட்டில் என்ன சொல்கிறோம்? "அப்பன் புத்தி அப்படியே இருக்கு பாரு!" அந்தப் பக்கம் போனால் பாட்டி, "ஆத்தா வளர்த்த லட்சணம்!" என்பார். இந்தப் பேச்சைத் தயவு செய்து விட்டுவிடுங்கள். பிள்ளை மனசுக்குள் கணக்குப் போடுகிறது. 'அப்பா கோபக்காரர், அவரை இந்த வீட்டில் வேண்டாம் என்றார்கள். நானும் அவரைப் போலத்தானாம். நாளைக்கு என்னையும் வேண்டாம் என்பார்களோ?' அந்தப் பயத்தில்தான் அடுத்த தட்டு பறக்கிறது.

1982 மார்ச் 1 முதல் நம் நாட்டில் நடப்பிலுள்ள திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், பிள்ளை யாரிடம் இருப்பது என்பதில் பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. 7 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று எடுத்துக்கொள்ளும். தக்க காரணம் காட்டினால் அதுவும் மாறும். கோர்ட்டு வேலை அத்தோடு சரி. திங்கட்கிழமைக் கோபத்தை நாம்தான் பார்க்க வேண்டும்.

கோபம் ஏறியிருக்கும்போது புத்தி சொன்னால் காதில் ஏறாது. பிரம்பும் வேண்டாம், கோபம் வந்தால் அடிக்கலாம் என்றுதான் பிள்ளை அதில் படிக்கும். தனியே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். மூச்சு அடங்கிய பிறகு, "அப்பா ஞாபகம் வந்திருச்சாய்யா?" என்று மெதுவாகக் கேளுங்கள். கோபப்படலாம், அடிக்கக் கூடாது என்ற விதி இரண்டு வீட்டிலும் ஒன்றாக இருக்கணும். தூங்கும் நேரமும் அப்படியே.

நேரில் பேசினால் சண்டைதான் வரும் என்கிறீர்களா? பள்ளிப் பையில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான், வீட்டுப்பாடம் செய்தானா, எப்போது கோபம் வந்தது, எப்படித் தணிந்தது, இதை மட்டும் இருவரும் எழுதுங்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடும் தாய்க்கும் இரண்டு வரி எழுத ஐந்து நிமிடம் போதும். ஜீவனாம்சக் கணக்கை அதில் எழுத வேண்டாம். "அப்பாகிட்ட காசு வாங்கிட்டு வா" என்று பிள்ளையைத் தூது அனுப்பவும் வேண்டாம். ஒரு வீட்டில் அடி உதை இருக்கிறது என்றால் கதை வேறு. அங்கே முதலில் பிள்ளையின் பாதுகாப்பு, நோட்டெல்லாம் பிறகு.

வாரக்கணக்கில் தணியாமல் தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொண்டிருந்தால், அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலுக்குப் போகிறோமே, இதற்குப் போக என்ன வெட்கம்?

இன்று மேடையேறிய பிள்ளைகளில் சிலர், பரிசை வாங்கியதும் கூட்டத்தில் இரண்டு முகங்களைத் தேடினார்கள். நீங்கள் சேர்ந்து உட்கார வேண்டாம். ஆளுக்கொரு மூலையில் இருந்தாலும் போதும். அடுத்த ஆண்டு இரண்டு அழைப்பிதழ் வேண்டுவோர் வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள், காரணம் கேட்காமல் கொடுப்போம்.