பிள்ளையின் மூச்சை எண்ணிப் பாருங்கள்



மழை தொடங்கிவிட்டால் நமது லயங்களில் இரவெல்லாம் இருமல் சத்தம்தான். ஒரு பிள்ளைக்குச் சுகமானால் அடுத்த காம்பராவில் இன்னொரு பிள்ளை படுத்துவிடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறேழு தடவை தடிமன் பிடிப்பது எங்கும் உள்ளதுதான். பெரும்பாலும் அது வைரஸால் வருவது, தானாகவே மாறும். அதற்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. போன முறை மிஞ்சிய மருந்தைக் கொடுக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

நியூமோனியாவை எப்படிக் கண்டுபிடிப்பது? நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. மூச்சை எண்ண வேண்டும். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். போனில் உள்ள மணிக்கூடு போதும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்தக் கணக்கை எட்டினாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், குடிக்க முடியாமல் போனால், வலிப்பு வந்தால், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே போதும், உடனே போக வேண்டும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. (நமது தோட்டத்து ரோட்டில் அது எதுவரை ஏறும் என்பது வேறு பிரச்சினை, அதையும் பேசத்தான் போகிறோம்.)

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நிற்காமல் பிள்ளை மெலிந்துகொண்டு வந்தால், காசநோயா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தாய் கவனிக்கவில்லை என்று சொல்வது சுலபம். ஒரே காம்பராவில் விறகடுப்பு, அதே இடத்தில் பிள்ளையின் படுக்கை, புகை போக வழியில்லை, தகரம் ஒழுகி சுவர் ஈரம். அந்தப் புகை பிள்ளையின் நெஞ்சைப் பலவீனப்படுத்துகிறது, நியூமோனியா சுலபமாகப் பிடிக்கிறது. மருந்து கொடுத்து சுகமாக்கி, திரும்பவும் அதே புகைக்குள்தானே படுக்க வைக்கிறோம்? தாய் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேரும் இல்லை. அதனால்தான் பிள்ளையை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறாள்.

பிள்ளைக்குக் கடுமை என்று மடுவத்திலிருந்து சொல்லியனுப்பினால், தாய் உடனே மலையிலிருந்து இறங்க வேண்டும். அதுவரை பறித்த கொழுந்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். அடுப்புக்குப் புகைபோக்கி வேண்டும், கூரையைத் திருத்த வேண்டும். இவற்றை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கிறோம். எந்தெந்தக் காம்பராவில் புகைபோக்கி இல்லை, எங்கே ஒழுகுகிறது என்று லயம் லயமாகப் பார்த்து, மாதர் கமிட்டித் தோழிகள் மாதக் கூட்டத்துக்கு முன் எழுதித் தாருங்கள். அந்தப் பட்டியலோடுதான் துரையைச் சந்திக்கப் போகிறோம்.