டிராக்டருக்கு டிரெய்லர் வாங்கப் போறீங்களா? முதலில் எடை, பிறகுதான் நீளம்



தை, மாசி மாதங்களில் டெல்டா பக்கம் போனால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். சம்பா அறுவடை முடிந்த வயலில் பேலர் ஓடும். உருளை உருளையாக வைக்கோல் கட்டுகள் விழும். சாயங்காலத்துக்குள் அத்தனையும் டிராக்டர் டிரெய்லரில் ஏறி ரோட்டுக்கு வந்துவிடும். அதே டிரெய்லரில்தான் அடுத்த வாரம் ரோட்டவேட்டரும் கலப்பையும் பக்கத்து ஊருக்குப் போகும்.

டிரெய்லர் வாங்கப் போகிற பலரும் பட்டறையில் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை அடி நீளம்?" என்பதுதான். நியாயமான கேள்விதாங்க. ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. ஏன் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

ஒரே வண்டி, இரண்டு விதமான பாரம்

வைக்கோல் இடத்தை அடைக்கும், எடை குறைவு. கருவிகள் இடத்தை அடைக்காது, எடை அதிகம். 6 அடி ரோட்டவேட்டர் ஒன்று 400 முதல் 500 கிலோ வரை வரும். ஒன்பது கொத்துக் கலப்பை 250 கிலோ அளவில் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தாலும் தட்டில் பாதி இடம் காலியாகத்தான் தெரியும். "இன்னும் ஏத்தலாமே" என்று தோன்றும். வைக்கோல் அப்படியில்லை. எடை வரம்பை எட்டுவதற்கு முன்பே உயரம் ஏறிவிடும்.

எனவே கருவி ஏற்றும்போது ஆபத்து எடையிலும் பிரேக்கிலும் இருக்கிறது. வைக்கோல் ஏற்றும்போது ஆபத்து உயரத்திலும் அகலத்திலும் இருக்கிறது. நீங்கள் வாங்கும் டிரெய்லர் இந்த இரண்டுக்கும் தாங்க வேண்டும்.

எடைக் கணக்கு எளிது

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடை இருக்கும். ஒன்று வெற்று வண்டியின் எடை. இன்னொன்று பாரத்தோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. மொத்தத்திலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். உதாரணத்துக்கு, மொத்தம் 5,000 கிலோ, வெற்று எடை 1,500 கிலோ என்றால் உங்கள் கணக்கு 3,500 கிலோதான். "5 டன் வண்டிங்க" என்று விற்பவர் சொன்னால், அது எந்த 5 டன் என்று கேளுங்க.

அடுத்து உங்கள் டிராக்டர். இழுக்கிற சக்தி இருந்தால் மட்டும் போதாது, நிறுத்துகிற சக்தியும் வேண்டும். தனி பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால், இறக்கத்தில் மொத்தப் பாரமும் டிராக்டரைத்தான் பின்னாலிருந்து தள்ளும். அதனால் உங்கள் டிராக்டர் மாடல் எவ்வளவு இழுக்கலாம் என்று கையேட்டில் பாருங்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். ரோட்டில் ஏறும்போது டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்களைச் சேர்த்து லாக் போட மறக்காதீங்க. ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி அப்படியே திரும்பிவிடும்.

பெல்ட் மிஷின் என்று நாம் சொல்கிற நெல் அறுவடை இயந்திரம் மாடலைப் பொறுத்து 3 டன்னுக்குப் பக்கத்தில் வரும். அதைச் சாதாரண டிரெய்லரில் ஏற்றும் எண்ணம் வேண்டாம். சாய்வுப் பலகையோடு கூடிய, அந்த எடைக்கென்றே கட்டிய வண்டிதான் பாதுகாப்பு.

இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா?

இரண்டு சக்கர டிரெய்லர் வயலிலும் குறுகிய வண்டிப்பாதையிலும் சுலபமாகத் திரும்பும், பின்னால் எடுப்பதும் எளிது. ஆனால் பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். பின்பக்கம் அதிகமாக ஏற்றினால் டிராக்டரின் பின்சக்கரம் தரையிலிருந்து பிடிப்பை இழக்கும். எனவே கனமான கருவியை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டுங்கள். நான்கு சக்கர டிரெய்லரில் எடை பரவலாக இறங்கும். நீண்ட தூரம் வைக்கோல் கொண்டு போகிறவர்களுக்கு அது நல்லது. பழக்கம் இல்லாதவர்களுக்கு ரிவர்ஸ் எடுப்பது கொஞ்சம் சிரமம்.

பக்கப் பலகை இல்லாத தட்டை டிரெய்லரில் கருவியை எந்தப் பக்கமிருந்தும் ஏற்றி இறக்கலாம். வைக்கோலுக்குப் பக்கத் தடுப்பு வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய பக்க டோர் உள்ள வண்டி இரண்டுக்கும் உதவும். கயிறு, சங்கிலி கட்டுவதற்கான கொக்கிகள் சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். இணைப்புப் பின்னுக்குப் பூட்டும், கூடுதலாக ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் கேட்டு வாங்குங்கள்.

மின்கம்பி ஒரு எல்லைக்கோடு

வைக்கோல் வண்டி மின்கம்பியில் உரசித் தீப்பிடித்தது என்ற செய்தி அறுவடைக் காலத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. கணக்கைப் பாருங்க. தட்டின் உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர். 60 சென்டிமீட்டர் உருளைகளை அஞ்சு அடுக்கு வைத்தால் அதுவே 3 மீட்டரை நெருங்கும். ஆக மொத்தம் 4 மீட்டர். தெருவைத் தவிர்த்த இடங்களில், 11 கிலோவோல்ட் வரையிலான உறையில்லாத மின்கம்பிக்கு விதி சொல்லும் குறைந்தபட்ச உயரம் 4.6 மீட்டர்தான். அந்த வைக்கோல் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாரத்தின் மேல் ஆள் ஏற வேண்டாம். "பக்கத்து ஊர்தானே" என்று வேலையாட்களை ஏற்றவே வேண்டாம். தாழ்ந்து தொங்கும் கம்பியைப் பார்த்தால் நாமே கழியால் தூக்காமல், மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் புகார் செய்யலாம்.

பளு அதிகமானாலும், பாரம் பக்கவாட்டிலோ உயரத்திலோ வரம்பை மீறினாலும், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு 20,000 ரூபாய் அபராதம் சொல்கிறது. பளு விஷயத்தில் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி.

இரவில் இன்னொரு ஆபத்து. தொங்கும் வைக்கோல் பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைத்துவிடும். பின்னால் வரும் பைக்காரருக்கு வண்டி இருப்பதே தெரியாது. பின்விளக்கு எரிகிறதா, சிவப்பு ஒளிபிரதிபலிப்பு ஸ்டிக்கர் தெரிகிறதா என்று பாரம் ஏற்றிய பிறகு ஒருமுறை பின்னால் போய்ப் பாருங்கள்.

காகிதம் சரியாக இருக்கட்டும்

"டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கே, டிரெய்லருக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், காப்பீட்டிலும் அது சேர்ந்திருக்க வேண்டும். பாலிசியில் டிரெய்லர் எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விவசாயப் பயன்பாட்டுக்குப் பதிவான டிரெய்லரில் வாடகைக்குச் செங்கல், மணல் ஏற்றிப் போய் விபத்து நடந்தால் இழப்பீட்டில் சிக்கல் வரும். அந்தச் சுமை கடைசியில் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

புதிய வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன், பதிவுக்குத் தேவையான விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22 ஆகியவற்றைத் தருவார்களா என்று உறுதி செய்யுங்கள். விலை குறைவு என்று காகிதம் இல்லாத வண்டியை வாங்கினால் பதிவு அலுவலகத்தில் நிற்கும்போதுதான் அதன் உண்மையான விலை தெரியும்.

பழைய வண்டியா? உங்கள் போனில் எம்-பரிவாகன் செயலியைத் திறந்து பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு, காப்பீடு எந்தத் தேதி வரை செல்லும் என்று தெரியும். கடன் பாக்கி இருந்தால் அதை முடித்து, படிவம் 35 வாங்கித் தரச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யையும் காப்பீட்டையும் டிஜிலாக்கரில் வைத்துக்கொண்டால் சோதனையின்போது அதையே காட்டலாம், அது செல்லும்.

வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும்தான் தேவை என்றால், வாங்குவதற்கு முன் உழவன் செயலியைப் பாருங்கள். வேளாண் கருவிகளின் வாடகை, மானியத் திட்டங்கள் பற்றிய விவரம் அதில் கிடைக்கும். எந்தக் கருவிக்கு இப்போது மானியம் உண்டு என்பதை உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளலாம்.

பட்டறைக்குப் போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்க: நான் ஏற்றப்போகும் மிகக் கனமான பொருள் எது, மிக உயரமான பாரம் எது, என் டிராக்டர் எவ்வளவு பாரத்தை நிறுத்தும். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு நீளத்தைக் கேளுங்க. வைக்கோலும் பத்திரமாகப் போய்ச் சேரட்டும், ஓட்டுகிறவரும் வீட்டுக்கு வந்து சேரட்டும்.