எருமை உறைவிந்துப் பாதுகாப்பில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள்

சிறு விவசாயியின் கொட்டிலில் நிற்கும் எருமை ஒரு முறை சினைப்பிடிக்கத் தவறுமானால், அடுத்த பருவத்திற்கு ஏறத்தாழ 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்நாட்களில் தீவனச் செலவு குறைவதில்லை. பால் வருவாயோ தள்ளிப்போகிறது. எருமையிடம் பருவ அறிகுறிகள் வெளிப்படையாகத் தோன்றுவதும் குறைவு. கோடையில் அது மேலும் குறையும். ஆகவே, தவறிய சினை ஊசியின் விலை அதன் கட்டணம் மட்டுமன்று. இக்கணக்கை மனத்திற்கொண்டே, இங்குக் கூடியுள்ள மாணவர்களும் அலுவலர்களும் உறைவிந்தின் தரத்தை அணுகுதல் வேண்டும்.

இந்தியாவில் செயற்கை முறைக் கருவூட்டல் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் தொடங்கிற்று. இம்முறையில் முதல் எருமைக் கன்று 1943இல் அலகாபாத் வேளாண்மை நிலையத்தில் பிறந்தது. கிளிசரால் விந்தணுவை உறைநிலையில் காக்கும் என்பதைப் பிரிட்டனில் போல்ஜும் அவருடன் பணியாற்றியோரும் 1949இல் கண்டறிந்தபின், உறைவிந்து முறை உலகெங்கும் பரவியது. இன்று 0.25 மில்லி லிட்டர் குச்சி ஒன்றில் ஏறத்தாழ 2 கோடி விந்தணுக்கள் நிரப்பப்பட்டு, மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிர்நிலையில் திரவ நைட்ரஜனில் சேமிக்கப்படுகின்றன.

எனினும், உறைதலிலும் உருகுதலிலும் விந்தணுக்களில் கணிசமான பகுதி அழிகிறது. மாட்டு விந்தணுவைக் காட்டிலும் எருமை விந்தணு இச்சேதத்திற்கு எளிதில் உள்ளாகிறது. விந்தணுவின் மேலுறையில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. தன்னைக் காத்துக்கொள்ளும் நொதிகளோ குறைவு. வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் அக்கொழுப்பைத் தாக்கும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்வினையாகச் சிதைவு பரவுகிறது. மடிந்த விந்தணுக்களும் இத்தீங்கைப் பெருக்குகின்றன. நீர்ப்புக் கரைசலில் உள்ள முட்டை மஞ்சட்கரு குளிர் அதிர்ச்சியையும், கிளிசரால் பனிப்படிகச் சேதத்தையும் தணிக்கின்றன. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க அவை மட்டும் போதா.

இக்குறையை நிரப்பவே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் சேர்க்கப்படுகின்றன. கொழுப்பில் கரையும் வைட்டமின் ஈ மேலுறையிலேயே தங்கித் தொடர்வினையை முறிக்கிறது. வைட்டமின் சி, குளூட்டாதயோன், சிஸ்டீன் ஆகியவை கரைசலின் நீர்ப்பகுதியில் செயற்படுகின்றன. உருகியபின் விந்தணுக்களின் இயக்கமும் மேலுறையின் உறுதியும் மேம்படுவதை இந்திய ஆய்வுகள் பல காட்டியுள்ளன. ஆனால், அளவு மிகுந்தால் பயன் தீங்காகும். கருத்தரிப்பிற்கு விந்தணு ஆயத்தமாவதற்குச் சிறிதளவு ஆக்சிஜன் வினை இன்றியமையாதது.

அலுவலர்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. நுண்ணோக்கியில் காணும் இயக்கம் கன்றாகிவிடாது. ஒரே கிடாவிடம் ஒரே வேளையில் எடுத்த விந்தை இரு கூறாக்கி, ஒன்றில் மட்டும் தடுப்பானைச் சேர்த்து, இரண்டையும் கிராமங்களில் பயன்படுத்திச் சினைக் கணக்கை ஒப்பிட்ட பின்னரே பெருஞ்செலவிற்கு ஒப்புதல் அளித்தல் முறையாகும். கொள்கலனில் நைட்ரஜன் வற்றினாலோ, குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி உருக்கும் விதி மீறப்பட்டாலோ, எந்தத் தடுப்பானும் கைகொடாது.

2019இல் தொடங்கிய நாடு தழுவிய செயற்கைக் கருவூட்டல் திட்டம், விவசாயியின் வாயிலிலேயே இச்சேவையை இலவசமாக அளிக்க முற்பட்டது. ஊசி இலவசமாயினும், தவறும் 21 நாட்களின் செலவு விவசாயியுடையதே. ஆய்வுக்கூடத்தின் வெற்றி அந்நாட்களைக் குறைப்பதைக் கொண்டே அளக்கப்படும்.