இருபத்தைந்து சுற்றுகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசிய இம்மேடையில், பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்த நம்மை ஏற்றி வைத்தமைக்குச் செயலாளரின் அன்பேயன்றி வேறு காரணம் இல்லை. இலக்கியம் பேச நமக்குத் தகுதி போதாது. எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று இருபது ஆண்டுகளாகப் பதிவேட்டில் எழுதி வருகிறோம். ஆதலின் நாம் அறிந்த பொருளாகிய தாமதத்தைப் பற்றியே பேசத் துணிந்தோம். ஆனால் வண்டிகளின் தாமதம் அன்று. 10,000 மீட்டர் ஓட்டத்தில் உலகுக்குப் பின்னால் நம் நாடு ஓடிய தாமதம்.

லோதி ரோட்டில் வாழும் நமக்கு ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் அண்டை வீடு போன்றது. 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுக்காக அது எழுந்தது. லோதி காலனி, சேவா நகர் நிலையங்களின் வழியே செல்லும் சுற்று இரயில்பாதையும் அவ்விழாவை முன்னிட்டே சீர்செய்யப்பட்டது. அவ்வரங்கில் 2010 அக்டோபர் 8ஆம் நாள் மாலை, மனைவியாரோடும் கைக்குழந்தையாய் இருந்த மகளோடும் அமர்ந்து, காமன்வெல்த் போட்டியின் பெண்கள் 10,000 மீட்டர் ஓட்டத்தைக் கண்டோம். இருபத்தைந்து சுற்றுகள்! முதற்சில சுற்றுகளுக்குப் பின் நமக்கு முன்வரிசையில் இருந்தோர் தின்பண்டம் வாங்க எழுந்து சென்றுவிட்டனர். அவர்கள் திரும்பி வந்தபோது அரங்கமே எழுந்து நின்றிருந்தது. நாசிக் மாவட்டத்துச் சாவர்பாடா என்னும் சிற்றூரின் பழங்குடிப் பெண்ணாகிய கவிதா ராவுத், கென்ய நாட்டு மகளிர் இருவரை அடுத்து மூன்றாமவராய் வந்துகொண்டிருந்தார். நேரம் 33 நிமிடம் 5.28 வினாடி. காமன்வெல்த் போட்டியில் ஓடுபாதையில் தனித்து ஓடிப் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அவரைச் ‘சாவர்பாடா எக்ஸ்பிரஸ்’ என்று அழைப்பர். இரயில்வேக்காரர்க்கு இதைவிட இனிய பட்டம் வேறு உண்டோ!

அடுத்த மாதமே குவாங்சோ ஆசியப் போட்டியில் அவர் 31 நிமிடம் 51.44 வினாடியில் ஓடினார். ஒரு நிமிடத்திற்கும் மேற்பட்ட முன்னேற்றம். ஆயினும் வெள்ளியே கிடைத்தது. ஒரு வினாடிக்கும் குறைந்த இடைவெளியில் தங்கம் வென்றவர் இடுக்கியைச் சேர்ந்த பிரீஜா ஸ்ரீதரன். அவரும் நம் இரயில்வே ஊழியரே என்பதை இங்கே சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

அன்றிரவு வீடு திரும்பியதும் ஒரு பழைய பதிவேட்டை எடுத்து இவ்வோட்டத்தின் கணக்கை எழுதத் தொடங்கினோம். ஆடவர் ஓட்டத்தில் 1924இல் பின்லாந்தின் பாவோ நூர்மி 30 நிமிடம் 6.2 வினாடியில் ஓடினார். முப்பது நிமிடத்தை முதலில் உடைத்தவர் அதே நாட்டின் தைஸ்தோ மாக்கி, 1939இல். இருபத்தொன்பதை 1954இல் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக் உடைத்தார். இருபத்தெட்டை 1965இல் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க்கும், இருபத்தேழை 1993இல் கென்யாவின் யோபஸ் ஒண்டியேகியும் உடைத்தனர். 2020இல் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் வலென்சியா நகரில் 26 நிமிடம் 11 வினாடியில் முடித்தார். 2025 முடியும்வரை அது முறியவில்லை. சுற்றுக்கு 63 வினாடிக்கும் குறைவு! அந்த வேகத்தில் ஒரு சுற்றேனும் நம்மில் யார் ஓட வல்லோம்?

இனி நமது வண்டி. 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹோஷியார்பூர் மாவட்டத்து ஹரி சந்த் 28 நிமிடம் 48.72 வினாடியில் ஓடினார். அந்நேரம் 1956 ஜூலை வரையில் உலக சாதனையாக இருந்திருக்கும். ஆக, நாம் ஏறத்தாழ இருபது ஆண்டு தாமதம். இச்சாதனையை முறிக்க நம் நாட்டில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒருவரும் வரவில்லை. 2008இல் சுரேந்திர சிங் ஸ்பெயினின் வீகோ நகரில் 28 நிமிடம் 2.89 வினாடியில் ஓடியபோது மகிழ்ந்தோம். பதிவேட்டைப் புரட்டியதும் மகிழ்ச்சி அடங்கிற்று. அது 1965 ஜூலையில் கிளார்க் விட்டுச்சென்ற நிலையம். தாமதம் நாற்பத்து மூன்று ஆண்டுகளாகியிருந்தது! ஓடாமல் நின்றதனால் அன்று. நாம் ஓடியதைவிட உலகம் விரைந்து ஓடியதனால்.

பின்னர் அலிகார் மாவட்டத்துப் படைவீரர் குல்வீர் சிங் வந்தார். 2024 மார்ச்சில் 27 நிமிடம் 41.81, அவ்வாண்டு நவம்பரில் ஜப்பானில் 27 நிமிடம் 14.88, 2025 மார்ச்சில் கலிபோர்னியாவில் 27 நிமிடம் 0.22 வினாடி. 1993 ஜூலை 10 வரை இஃது உலக சாதனையாய் இருந்திருக்கும். தாமதம் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு இறங்கியது. செப்டெகெய் எல்லையைத் தொடும்போது ஹரி சந்த் இரண்டு சுற்றுக்கு மேல் பின்தங்கியிருப்பார். குல்வீர் முக்கால் சுற்றுப் பின்னால் இருப்பார்.

காரணம் கேட்பீர்கள். சாம்பல் பாதை போய்ச் செயற்கைப் பாதை வந்தது, மிதியடிகள் மாறின, ஓட வேண்டிய வேகத்தைப் பாதையோரத்து விளக்குகளே இன்று காட்டிச் செல்கின்றன. செப்டெகெயின் ஓட்டம் அவ்விளக்குகளோடு நிகழ்ந்ததே. இவையெல்லாம் உண்மை. ஆயினும் பெரிய காரணம் வேறென்று நமக்குத் தோன்றுகிறது. குல்வீர் கொலராடோவின் மலையுயரத்தில் பயின்று, தம்மினும் விரைவானவர் நடுவே ஓடினார். தனக்கு முன்னால் ஒரு முதுகு தெரிந்தால்தான் கால் விரைகிறது.

இவ்வோட்டம் கொடியதும் ஆகும். புதுக்கோட்டைச் சீமையின் பிள்ளை கோவிந்தன் லட்சுமணன், 2017இல் புவனேசுவரத்தில் ஆசியச் சாம்பியன் போட்டியின் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். மறு ஆண்டு ஜகார்த்தாவில் மூன்றாவதாக வந்தார். தேசியக் கொடியும் போர்த்திக்கொண்டார். கால் கோட்டைத் தாண்டி உட்புறம் பட்டது என்று வெண்கலத்தைப் பறித்துவிட்டனர். விதி விதியே, மறுக்கவில்லை. இருபத்தைந்து சுற்றில் ஓரடி! அன்று நமக்கு உணவு இறங்கவில்லை.

இப்பொழுது சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறோம். அன்று கைக்குழந்தையாய் இருந்த மகள் இப்போது ஓடுகிறாள். சென்ற ஆண்டு நம் சங்க விளையாட்டு விழாவில் ஆண்பிள்ளைகட்கு 1,500 மீட்டர் வைத்தோம்; பெண்பிள்ளைகட்கு 100 மீட்டரும், கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி நடத்தலும். ‘ஏன் அப்பா?’ என்றாள். அந்நிகழ்ச்சிப் பட்டியலைத் தட்டச்சு செய்தவரே நாம்தாம். விடை சொல்ல நாவெழவில்லை.

பதிவேட்டைத்தான் எடுத்துக் கொடுத்தோம். அவள் ஒரு பக்கத்தில் விரல் வைத்தாள். 1954 ஜூன் 1ஆம் நாள் ஜாட்டோபெக் உலகை வியக்கச் செய்த நேரம் 28 நிமிடம் 54.2 வினாடி. 2024 மே 25ஆம் நாள் கென்யாவின் பியாட்ரிஸ் செபெட், பெண்கள் ஓட்டத்தில் இருபத்தொன்பது நிமிடத்தை முதன்முதலாக உடைத்த நேரம் 28 நிமிடம் 54.14 வினாடி. எழுபது ஆண்டுகளுக்கு ஒரு வாரம் குறைவு; அதே நேரம்! இவ்விரு வரிகளையும் எழுதியது நம் கைதான். அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவள் அவள்.

ஆகவே செயற்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு விளையாட்டு விழாவில் பெண்பிள்ளைகட்கு 3,000 மீட்டர் ஓட்டம் ஒன்று சேர்த்தருள வேண்டும். பரிசுக் கோப்பையின் செலவு நம்முடையது. இதுவரை பெயர் கொடுத்தவர் நால்வர்; ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு லோதி தோட்டத்து வாயிலில் நேரமானியோடு நிற்கிறோம்.